பீன்யா மண்ணில் ஆவிரை

பூச்செடி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ரோஜாவும் மல்லிகையும் செவ்வந்தியுமே. இவை நாள்தோறும் நீரை எதிர்பார்ப்பவை, எருவை எதிர்பார்ப்பவை, ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் முகம் வாடி நிற்பவை. இவற்றைக் குறை கூற நான் வரவில்லை. மல்லிகையைக் குறை கூறிவிட்டுத் தமிழ் மன்றத்தின் இதழில் இடம் பெற முடியுமா? ஆயினும், நீருக்கு விலை கொடுக்கும் ஊரில் வாழ்கின்ற நாம், அந்த நீரை எந்தச் செடிக்கு ஊற்றுகிறோம் என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணியதன் பயனாக நான் வளர்த்துவரும் செடியைப் பற்றியதே இக்கட்டுரை. அது ஆவிரை. மக்கள் வழக்கில் ஆவாரை. பூவைச் சொல்லும்போது ஆவாரம்பூ.

நான் தங்கியிருப்பது பீன்யாவில், என் தாய்மாமன் நடத்தும் கடைசல் பட்டறையின் மாடியறையில். பெங்களூரின் வடமேற்கே, துமகூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பீன்யா, 1970-களில் தொழிற்பேட்டையாக உருவெடுத்தது. இன்று கடைசல், வார்ப்பு, முலாம் பூச்சு, ஆயத்த ஆடை எனப் பல்லாயிரம் பட்டறைகளும் ஆலைகளும் அங்கே நெருங்கி நிற்கின்றன. 2014-இல் மெட்ரோ இரயில் வந்தபின் நம் மாணவர் பலர் அவ்வழியே நாள்தோறும் போகின்றனர். மேலிருந்து பார்த்தால் தகரக் கூரைகளே தெரியும். கீழே, மதிலுக்கும் சாலைக்கும் இடையில் எல்லாப் பட்டறைக்கும் ஒரு சிறு கீற்று நிலம் உண்டு. எங்கள் பட்டறைக்கு இருபதடி நீளம், மூன்றடி அகலம். அங்கேதான் என் ஆவிரைகள் நிற்கின்றன.

பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குறைவன்று. ஆனால் அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் பெய்துவிடும். எஞ்சிய காலத்தில் ஒரு பூச்செடி குடிக்கும் நீர், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வர வேண்டும். அல்லது டேங்கர் லாரியில் வர வேண்டும். அல்லது காவிரியிலிருந்து வர வேண்டும். காவிரி நீரோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றிக் கொண்டுவரப்படுவது. 2023-இல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், தோட்டத்திற்கும் வண்டி கழுவுவதற்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாதென்று நகரின் குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறுவோருக்கு 5000 ரூபாய் தண்டமும் அறிவித்தது. அக்கோடையில் எங்கள் தெருவின் புல்தரைகள் வைக்கோலாயின. என் செடிகளுக்கு அப்போது வயது இரண்டு. அவற்றுக்கு நான் நீர் ஊற்றவில்லை. அவை இலையில் ஒரு பகுதியை உதிர்த்தன, சாகவில்லை.

இனிச் செடியை அறிமுகம் செய்வோம்.

ஆவிரை தமிழர்க்குப் புதியதன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் இதுவும் ஒன்று. மடலேறும் தலைவன், எருக்கும் பூளையும் ஆவிரையும் சூடிப் பனைமடற் குதிரையில் ஊர்த்தெருவில் வருவதைச் சங்கப் பாடல்களிற் காண்கிறோம். நாணத்தைத் துறந்தவன் ஏன் இப்பூக்களைத் தேர்ந்தான்? இவை யாரும் நட்டு வளர்க்காதவை, வழியோரத்தில் யாரும் பறிக்கலாம் என நிற்பவை. அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றும் வறண்ட நிலத்துச் செடிகள் என்பதையும் நோக்குக. இன்றும் தருமபுரிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரையிற் செருகுவர். அதற்குக் காப்புக் கட்டுதல் என்று பெயர். கன்னடர் இதனைத் தங்கடி என்றும் ஹொன்னாவரிகே என்றும் அழைப்பர். ஹொன்னு என்றால் பொன். தெலுங்கர் தங்கேடு என்பர். பதுக்கம்மா விழாவில் அடுக்கும் பூக்களுள் முதன்மையானது அதுவே. 2014-இல் தெலங்கானா மாநிலம் அமைந்தபோது தங்கேட்டையே தன் மாநிலப் பூவாகக் கொண்டது.

நூலறிவும் சிறிது வேண்டும். லின்னேயஸ் 1753-இல் இதற்குக் கேசியா ஆரிகுலேட்டா என்று பெயரிட்டார். இன்று சென்னா ஆரிகுலேட்டா என்கின்றனர். ஆரிகுலேட்டா என்பதற்குக் காதுடையது என்று பொருள். இலைக்காம்பின் அடியில் இருபுறமும் அகன்ற காதுமடல் போன்ற செதில்கள் இருக்கும். அவை உதிராமல் நிற்கும். இந்தக் காதை நினைவில் வையுங்கள். ஏனெனில் ஆவாரை வேண்டும் என்று நர்சரியில் கேட்டால், மஞ்சட்பூப் பூக்கும் வேறு ஏதேனும் சென்னாவைக் கையில் கொடுத்துவிடுவதுண்டு. அவற்றுள் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் அமெரிக்க மரம் மிகக் கொடியது. அழகுக்கென்று கொண்டுவரப்பட்ட அது இன்று முதுமலை, பந்திப்பூர், வயநாட்டுக் காடுகளில் பரவி, மானும் யானையும் மேயும் புல்லை ஒழித்து வருகிறது. காது இல்லையேல் காசு கொடுக்காதீர்கள். பெயரை வைத்து நிலாவாரையோடும் இதைக் குழப்ப வேண்டா. திருநெல்வேலிப் பக்கத்தில் பயிரிட்டுப் பேதி மருந்துக்கென ஏற்றுமதி செய்வது அது.

பூவின் அமைப்பு சுவையானது. பத்து மகரந்தத் தாள்களில் மேலுள்ள மூன்று மலடு. பூவில் தேன் இல்லை. மகரந்தமே வரும் விருந்தினர்க்குக் கூலி. அதுவும் எளிதிற் கிடைப்பதன்று. மகரந்தப் பை மிளகுப் புட்டி போல் நுனியில் துளையுடையது. கரிய பெரிய தச்சு வண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு, சிறகுத் தசைகளை அதிர்த்து ஒலியெழுப்பும். அந்த அதிர்ச்சியில் துளை வழியே மகரந்தம் தூளாகக் கொட்டும். கடைசல் பொறி ஓயும் உணவு இடைவேளையில் இவ்வொலியை மதிலருகே நின்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

வளர்க்கும் முறைக்கு வருவோம். ஆவிரையை விதையிலிருந்து வளர்ப்பதே சிறப்பு. தட்டையான, காகிதம் போன்ற நெற்று பழுப்பேறிக் காய்ந்ததும் பறித்து விதை எடுக்க வேண்டும். விதையின் தோல் மிகக் கடினம்; நீர் எளிதில் உட்புகாது. இது குறையன்று, தற்காப்பு. கோடையில் தப்பிப் பெய்யும் ஒரு தூற்றலை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால், அடுத்த வெயிலில் எல்லாம் மடியும். ஆகவே இயற்கை ஒரே நாளில் எல்லாவற்றையும் பணயம் வைப்பதில்லை. நமக்கோ பொறுமை இல்லை. ஆதலால் இரண்டு வழிகளில் ஒன்றைக் கையாளலாம். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, விதை மீது ஊற்றி இரவு முழுதும் ஊறவிடலாம். அல்லது உப்புத்தாளில் விதையை நான்கைந்து முறை தேய்த்து, மேல்தோல் சற்றே மங்கியதும் தண்ணீரில் ஊறவைக்கலாம். காலையில் பருத்திருக்கும் விதையை விதைத்திடுக. பருக்காததை மீண்டும் தேய்த்திடுக. எங்கள் பட்டறையில் உப்புத்தாளுக்குப் பஞ்சமில்லாமையால் நான் இரண்டாவது முறையையே பின்பற்றினேன். தேய்க்காமல் ஒரு மூலையில் ஊன்றிய விதைகளில் ஒன்றிரண்டு அடுத்த ஆண்டு மழைக்குத்தான் தலைகாட்டின.

காலம் சூன் மாதம். பெங்களூரில் மே மாத இடிமழை மண்ணை நனைத்து வைத்திருக்கும். அக்டோபர் வரை மேலும் மழை உண்டு. முளைக்கும் செடிக்கு நான்கு மாத மழை இலவசமாகக் கிடைக்கிறது.

இடம் முழு வெயில் படுவதாக இருத்தல் வேண்டும். நிழலில் ஆவிரை உயிரோடிருக்கும், பூக்காது. மண்ணைப் பற்றிக் கவலை வேண்டா என்பர். அது முழு உண்மையன்று. வளமற்ற மண்ணாயினும், சரளை மண்ணாயினும் வளரும். ஆனால் நீர் தேங்கும் மண்ணில் வேர் அழுகும். பீன்யாவில் மதிலோரத்தைத் தோண்டினால் முதலில் வருவது மண்ணன்று. உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி, இரும்புச் சுருள் ஆகியவையே. அவற்றை ஒன்றரை அடி ஆழம் வரை அகற்றி, செம்மண் நிரப்பி, நிலமட்டத்திற்குச் சாணளவு மேலே வரும்படி மேடாக்கினேன். மழைநீர் வழிந்தோட அது போதும். எரு இடவில்லை. எரு மிகுந்தால் தழை செழித்துப் பூ குறையும். அவரைக் குடும்பத்துச் செடியாயிற்றே, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பற்றிக்கொள்ளுமே என்று தாவரவியல் பயிலும் நண்பர்கள் கேட்கலாம். சென்னா இனத்தில் அதற்குரிய வேர்முடிச்சுகள் உண்டாவதில்லை. ஆவிரை எருவின்றி வாழ்வது அம்முடிச்சினால் அன்று. சிறிது உணவில் செட்டாக வாழப் பழகியதால்.

நான்கடிக்கு ஒரு குழியாக, குழிக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்தபின் வலியதை நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். தொட்டியிலோ பாலித்தீன் பையிலோ முளைக்க வைத்து நடலாமா? நடலாம். ஆனால் ஆவிரை முதலில் வளர்வது கீழ்நோக்கித்தான். விரலளவு செடிக்குக் கையளவு வேர் இருக்கும். பை குட்டையாயின் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் நட்டபின்னும் நேராவதில்லை. அச்செடி ஆயுள் முழுதும் நம் வாளியை எதிர்பார்த்தே நிற்கும். ஆகவே நீண்ட பையாக இருக்கட்டும். இரண்டு மூன்று மாதத்துக்குள் நிலத்தில் இறக்கிவிடுங்கள்.

நீர் விடுவதிலேதான் பலர் தவறுகின்றனர். அன்பின் மிகுதியால் நாள்தோறும் ஒரு குவளை நீர் தெளிப்பர். அந்நீர் மேல்மண்ணில் இரண்டு விரற்கடை இறங்கி நின்றுவிடும். வேரும் அங்கேயே தங்கிவிடும். கீழே போக வேண்டிய தேவை அதற்கு ஏது? பின்னர் ஒருநாள் நீர் நின்றால் மேல்மண் முதலிற் காய்கிறது. வேரும் உடன் காய்கிறது. எனவே, நீர் விடும் நாளில் நிறைய விட வேண்டும். அடுத்த முறைக்கு நீண்ட இடைவெளி விட வேண்டும். முளைத்த முதல் மாதத்தில் மழை இல்லாவிடில் மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை. பிறகு முதற் கோடை முடியும்வரை வாரம் ஒரு முறை, செடிக்கு ஒரு வாளி. கை கழுவிய நீர், அரிசி களைந்த நீர் ஆகியவை போதும். பட்டறையின் எண்ணெய் நீரும் சோப்பு நீரும் ஆகா. அடுத்த ஆண்டில் நீர் விடுவதை நிறுத்தலாம். இலை சற்றே சோர்ந்தாற்போல் தோன்றும்போது கை வாளியைத் தேடும். மாலையில் நிமிர்ந்துவிடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தேடுக.

செப்டம்பரில் ஒருநாள் மாமா என்னை அவசரமாகக் கீழே அழைத்தார். இரண்டு செடிகளில் இலையே இல்லை, ஈர்க்குச்சிகள்தாம் நின்றன. அவற்றின் மீது இலைநிறத்தில் புழுக்கள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"மருந்து அடிச்சுடலாமா மாப்பிள்ளை?" என்றார் மாமா.

"பத்து நாள் பொறுங்க மாமா" என்றேன்.

அவை கேட்டோப்சிலியா என்னும் வெளிர்நிற வண்ணத்துப்பூச்சியின் குழந்தைகள். அவ்வினம் முட்டையிடத் தேடுவது ஆவிரையையும் அதன் உறவுச் செடிகளையுமே. புழு கூடாகிப் பறந்தபின் செடி மீண்டும் தளிர்த்தது. முன்னிலும் அடர்ந்து தளிர்த்தது. மருந்து அடித்தால் புழு மட்டுமா சாகும்? தச்சு வண்டும் சாகும். பின்னர் நெற்று ஏது, விதை ஏது?

எதிர்ப் பட்டறையின் காவற்காரர் பாவகடாவிலிருந்து வந்த முதியவர். நாங்கள் எல்லாரும் அவரைத் தாத்தா என்றே அழைப்போம். நான் விதை ஊன்றியதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "தங்கடியை விதை போட்டு வளர்ப்பாருண்டா, தம்பி? எங்கள் ஊரில் இதை வெட்டி வயலில் போட்டு மிதிப்போமே!" என்றார். உண்மைதான். நெல்வயலுக்குத் தழையுரமாக ஆவிரையை மிதிப்பது தமிழ்நாட்டிலும் உண்டு. அவர் ஊரில் அது களை. பீன்யாவில் அதை விதைத்தால்தான் உண்டு. ஆனாலும் செடிகள் பூத்த அன்று, தம் சட்டைப்பையில் ஒரு கொத்தைச் செருகிக்கொண்டு காவல் இருந்தவர் அவரே.

ஆவிரைக்கும் பீன்யாவுக்கும் இடையே வேறொரு தொடர்பு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை வெறும் தோட்டக் குறிப்பாகிவிடும்.

ஆவாரம்பட்டையில் துவர்ப்புப் பொருள் மிகுதி. தோலைப் பதனிட அதுவே நம் நாட்டு மருந்து. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பட்டை ஊறிய நீரில் நாட்கணக்காக இட்டு, பின் கடுக்காய் நீரில் தோய்த்து எடுப்பர். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்ற தோல், ஈஸ்ட் இந்தியாத் தோல் என்ற பெயரோடு அங்கே மதிப்புப் பெற்றது. அதன் நிறமும் மென்மையும் இக்காட்டுச் செடியின் கொடை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர், குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறையை அங்கே தொடங்கி வைத்தார். அவரே பின்னர் மைசூர் அரசின் தொழில்துறைக்குத் தலைவராக இந்நகருக்கு வந்தார். குரோமிய முறையில் வேலை விரைவில் முடியும். பட்டையை விடாதவர்களோ தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டைக்கு மாறினர். ஆவாரம்பட்டையைத் தேடுவார் குறைந்தனர்.

பட்டையால் பதனிட்ட நாளில் ஆறுகள் பளிங்கு போல் ஓடின என்று நான் சொல்லமாட்டேன். உப்பும் சுண்ணாம்பும் மயிரும் கலந்த கழிவு அன்றும் உண்டு. பட்டைக்காகச் செடிகளும் காடு காடாக வெட்டப்பட்டன. ஆனால் பட்டைத் துவர்ப்பு நாளடைவில் மட்கிப் போகும். குரோமியம் ஓர் உலோகம், அது மட்குவதில்லை. பாலாற்றுப் பகுதியில் தோல் ஆலைக் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைச் சட்டம் பயிலும் நண்பர்கள் அறிவர். பீன்யாவில் தோல் இல்லை, முலாம் உண்டு. இரும்பு பளபளக்கக் குரோமிய முலாம் பூசுகிறார்கள். அதற்குப் பயன்படுவது, தோலில் தங்கும் மூவிணைதிறன் குரோமியத்தைக் காட்டிலும் நஞ்சு மிகுந்த ஆறிணைதிறன் குரோமியம். பீன்யாவின் சில இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கலந்திருப்பது ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது.

இதனால் நமக்கு வரும் கடமை ஒன்று. ஆவாரம்பூத் தேநீர் இப்போது பெருவழக்காகிவிட்டது. சர்க்கரை நோய்க்கு நல்லதென்று விடுதி மாணவர் கூடத் தம் பெற்றோர்க்குப் பொட்டலம் வாங்கிச் செல்கின்றனர். என் செடிகள் பூத்ததும் அத்தை முறத்தோடு வந்தார். "அத்தை, இந்த மண்ணுப் பூ வேண்டாம்" என்று தடுத்தேன். முகத்திற்குப் பூசும் பொடிக்கும் வேண்டா என்றேன். அவருக்கு என்மேல் ஒரு வாரம் வருத்தம். மண்ணில் உள்ள உலோகத்தைச் செடிகள் வேர் வழியே ஏற்கக்கூடும். எந்தச் செடி, எவ்வளவு என்பதை மண்ணையும் இலையையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தாலன்றிச் சொல்ல இயலாது. தொழிற்பேட்டையிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் வளர்ந்த ஆவிரை கண்ணுக்கு மட்டுமே உரியது.

நல்ல மண்ணில் வளர்ந்ததாயினும் அளவறிந்து கொள்க. இலங்கையில் இதற்கு ரணவரா என்று பெயர். அங்கும் தேநீராகக் குடிப்பர். 1981-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள், கல்லீரலுக்குத் தீங்கு செய்யும் பைரோலிசிடின் என்னும் காரப்பொருள் இதில் உண்டெனக் கண்டு எழுதினர். சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்கு எலிகளில் நடந்த சோதனைகள் பல உண்டு. அதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது அறியாமை. சாவே வராது என்று ஆவாரையைப் பற்றி ஒரு பழமொழி வழங்குவதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

இனி ஒரு வேலையே எஞ்சியுள்ளது. கிளை நுனியில்தான் பூங்கொத்து வரும். ஆகவே நுனிகள் பெருகுமாறு ஆண்டுக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூ பறிக்கும்போதே கிளையோடு கத்தரித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். சென்ற தை மாதம் எங்கள் தெருவில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் அவ்வாறு வாங்கிச் சென்றன. ஒவ்வொரு செடியிலும் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் நெற்றுக்கு விடுக. மாசி, பங்குனியில் நெற்று காயும். குலுக்கினால் உள்ளே விதை ஒலிக்கும். அவ்வாறு எடுத்த விதை ஒரு புட்டி நிறைய என்னிடம் உள்ளது; மன்றத்தின் அறையில் வைத்திருக்கிறேன். சூன் மழைக்குமுன் வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம். உப்புத்தாள் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.